சேர்ந்து பேசினால் குற்றம்! - சமாதான விவாகரத்து வந்த கதை



ஒரு கணவன், ஒரு மனைவி. இருவருக்கும் ஒத்துவரவில்லை. அடிதடி இல்லை, ஊரைக் கூட்டிச் சண்டை இல்லை. உட்கார்ந்து பேசுகிறார்கள். பிள்ளை யாரிடம் இருப்பது, வீடு யாருக்கு, மாதம் எவ்வளவு பணம் என்று முடிவு செய்துகொண்டு, "நாம் பிரிந்துவிடலாம்" என்று ஒரே மனதாகக் கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

இன்றைக்கு இதற்கு மியூச்சுவல் கன்சென்ட், அதாவது பரஸ்பர சம்மத விவாகரத்து என்று பெயர். "மியூச்சுவல்ல முடிச்சுக்கோங்க, அலைச்சல் மிச்சம்" என்று வக்கீல்களே சொல்கிறார்கள். ஆனால் இதே தம்பதி நூறு வருடம் முன்னால் லண்டனில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? "நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு விவாகரத்து கிடையாது" என்று அனுப்பியிருப்பார்கள்!

சண்டை போட்டால் பிரியலாம், சமாதானமாக இருந்தால் பிரியக் கூடாது. இந்த விசித்திரமான சட்டம் எப்படி வந்தது, எப்படிப் போனது, நம் ஊர் வரை அதன் நிழல் எப்படி விழுந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1857: ஒருவர் குற்றவாளி, ஒருவர் அப்பாவி

1857 வரை இங்கிலாந்தில் விவாகரத்து என்பது பெரும் பணக்காரர்கள் சமாச்சாரம். திருமண வழக்குகள் எல்லாம் சர்ச் நீதிமன்றங்களில் நடந்தன. அங்கே "பிரிந்து வாழலாம்" என்று மட்டும்தான் தீர்ப்புக் கிடைக்கும், மறுமணம் செய்ய முடியாது. முழு விவாகரத்து வேண்டுமென்றால் பார்லிமென்டில் தனிச்சட்டமே போட வேண்டும். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளில் அப்படி விடுதலை பெற்றவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். அதிலும் பெண்கள் நான்கே பேர்.

1857-ல் வந்த திருமண வழக்குகள் சட்டம் இதைச் சாதாரண நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் கணக்கு என்னவோ குற்ற வழக்குக் கணக்குத்தான். ஒருவர் தப்பு செய்திருக்க வேண்டும், இன்னொருவர் அப்பாவியாக இருக்க வேண்டும். மனைவி வேறொருவருடன் உறவு வைத்திருந்தால் அது ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவி வழக்குப் போட்டால் அது மட்டும் போதாது. கொடுமை செய்தான், கைவிட்டுப் போனான் என்று கூடவே வேறு குற்றமும் நிரூபிக்க வேண்டும். இந்தப் பாரபட்சம் 1923-ல்தான் நீங்கியது.

குற்றம், தண்டனை என்று கணக்கு வைத்தால் அடுத்த கேள்வி தானாக வரும். குற்றவாளியும் அப்பாவியும் கைகோத்துக்கொண்டு வந்தால்? அதற்குத்தான் "கூட்டுச்சதி" என்று ஒரு தடை வைத்தார்கள். கணவனும் மனைவியும் ஒத்துப்பேசி வழக்கு நடத்துகிறார்கள் என்று தெரிந்தால் மனு தள்ளுபடி.

அதோடு விடவில்லை. 1860-ல் இன்னொரு ஏற்பாடு வந்தது. விவாகரத்துத் தீர்ப்பு உடனே முழுமை ஆகாது. முதலில் தற்காலிகத் தீர்ப்பு, சில மாதம் கழித்துத்தான் இறுதித் தீர்ப்பு. இடைப்பட்ட காலத்தில் அரசின் அதிகாரி ஒருவர் நுழைந்து, "இவர்கள் பேசி வைத்து நாடகம் ஆடுகிறார்கள்" என்று காட்டினால் தீர்ப்பு ரத்து. இந்த அதிகாரிக்குக் குயின்ஸ் ப்ராக்டர் என்று பெயர். (ராஜா ஆளும்போது கிங்ஸ் ப்ராக்டர்.) பிரிந்தவர்கள் சேர்ந்துவிடக் கூடாதே என்று அல்ல, நட்பாகப் பிரிந்துவிடக் கூடாதே என்று வேவு பார்க்க ஒரு அரசாங்க அதிகாரி!

ஹோட்டல் அறை நாடகம்

சட்டம் இப்படி இருந்தால் மக்கள் என்ன செய்வார்கள்? நாடகம்தான் போடுவார்கள்.

1920, 30-களில் இது ஒரு தனித் தொழிலாகவே நடந்தது. கண்ணியமான கணவன் மனைவி பெயரைக் கெடுக்க விரும்பாமல் பழியைத் தான் ஏற்றுக்கொள்வான். பிரைட்டன் மாதிரி கடற்கரை ஊரில் ஹோட்டல் அறை எடுப்பான். பணம் கொடுத்து ஒரு பெண்ணை அழைத்துப் போவான். பல சமயம் இருவரும் இரவு முழுக்கச் சீட்டாடிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருப்பார்கள். காலையில் பணிப்பெண் டீ கொண்டுவரும்போது மட்டும் இருவரும் கட்டிலில் இருக்க வேண்டும். அவள்தான் சாட்சி! ஹோட்டல் பில் மனைவியின் வக்கீலுக்குப் போய்ச் சேரும். மனைவி "அதிர்ச்சி" அடைந்து வழக்குப் போடுவாள். வக்கீலுக்கும் தெரியும், நீதிபதிக்கும் ஓரளவு தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

இதன் உச்சகட்டம் 1936-ல் நடந்தது. எட்டாம் எட்வர்டு மன்னர் காதலித்த வாலிஸ் சிம்ப்சன் ஏற்கெனவே மணமானவர். அவருடைய கணவர் எர்னஸ்ட் சிம்ப்சன் அந்த ஜூலை மாதம் பிரே என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் வேறொரு பெண்ணுடன் தங்கினார். ஹோட்டல் ஊழியர்கள் சாட்சி சொன்னார்கள். 1936 அக்டோபர் 27 அன்று இப்ஸ்விச் நீதிமன்றத்தில் வாலிஸுக்குத் தற்காலிகத் தீர்ப்புக் கிடைத்தது. டிசம்பரில் எட்வர்டு அரச பதவியையே துறந்துவிட்டார். ஆனால் கதை முடியவில்லை. இந்த வழக்கே கூட்டுச்சதி என்று ஒரு வக்கீல் குமாஸ்தா நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்க, கிங்ஸ் ப்ராக்டர் விசாரணையில் இறங்கினார். கூட்டுச்சதிக்கு ஆதாரம் இல்லை என்று அவர் சொன்ன பிறகு, 1937 மே 3-ஆம் தேதிதான் இறுதித் தீர்ப்பு வந்தது.

யோசித்துப் பாருங்கள். சாம்ராஜ்யத்தையே விட்டு வந்தவர், தான் மணக்கப் போகிற பெண்ணின் பழைய கணவர் ஹோட்டலில் ஆடியது நாடகமா நிஜமா என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை பயந்துகொண்டு காத்திருந்தார்.

இந்தக் கேலிக்கூத்தை நாவலாக எழுதியவர் ஏ.பி.ஹெர்பர்ட். 1934-ல் வந்த அவருடைய 'ஹோலி டெட்லாக்' கதையில், நல்லபடியாகப் பிரிய நினைக்கும் ஒரு தம்பதியைச் சட்டம் படிப்படியாகப் பொய்யர்களாக மாற்றுகிறது. அடுத்த வருடமே ஹெர்பர்ட் எம்.பி. ஆகிவிட்டார். அவர் கொண்டுவந்த மசோதாதான் 1937-ஆம் ஆண்டு திருமண வழக்குகள் சட்டம். கொடுமை, மூன்று வருடம் கைவிட்டுப் போவது, தீராத மனநோய் ஆகியவையும் விவாகரத்துக்குக் காரணங்கள் ஆயின. ஆனால் கூட்டுச்சதித் தடையை அவராலும் அசைக்க முடியவில்லை. பொய் சொல்ல வேண்டிய தேவை குறைந்தது, ஒத்துப்போகும் உரிமை மட்டும் வரவில்லை.

அதே சாம்ராஜ்யம், வேறு வழக்கம்

இங்கே கொஞ்சம் நம் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். லண்டனில் இந்த ஹோட்டல் நாடகம் நடந்த அதே காலத்தில், அதே பிரிட்டிஷ் ஆட்சியில், சென்னை மாகாணத்தில் என்ன நிலை?

அன்றைய சென்னை மாகாணத்தில்தான் மலபார் இருந்தது. அங்கே தாய்வழிக் குடும்ப முறையைப் பின்பற்றியவர்களுக்காக 1932-ல் மருமக்கத்தாயச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் திருமணம் முடிந்தது. நிலம் விற்கிற மாதிரி பதிவு அலுவலகத்துக்குப் போய் வந்தால் போதும். யார் குற்றவாளி என்று யாரும் கேட்கவில்லை.

முஸ்லிம்களுக்கு 1937-ல் வந்த ஷரியத் சட்டம், திருமணம் முறியும் வழிகளைப் பட்டியலிடும்போது தலாக், குலா ஆகியவற்றோடு "முபாரத்" என்பதையும் சேர்த்தே சொல்கிறது. முபாரத் என்றால் இருவரும் சம்மதித்து ஒருவரை ஒருவர் விடுவித்துக்கொள்வது. ஹெர்பர்ட் இங்கிலாந்தில் போராடி ஜெயித்த அதே 1937! எஜமானர்கள் தங்கள் ஊரில் சதி என்று சொன்னதை, இங்கே சட்டப் புத்தகத்தில் உரிமையாக எழுதி வைத்தார்கள்.

இது போக, பல சமூகங்களில் பஞ்சாயத்து கூடித் தீர்த்துவிடும் வழக்கம் காலங்காலமாக இருந்தது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம்கூட இந்த வழக்காற்று விவாகரத்தை ஒழிக்கவில்லை, 29-ஆவது பிரிவில் காப்பாற்றி வைத்தது. ஆக, இருவரும் ஒத்துப் பிரிவது ஏதோ மேல்நாட்டு நாகரிகம், நேற்று வந்தது என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

1969: கதவு பாதி திறந்தது

மீண்டும் மேற்கே போவோம். 1969 செப்டம்பரில் கலிபோர்னியா கவர்னர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். யார் மீது தப்பு என்று நிரூபிக்காமலே, சரிசெய்ய முடியாத மனவேற்றுமை என்ற காரணத்துக்கு விவாகரத்து. அந்தக் கவர்னர் ரொனால்டு ரீகன், பின்னாளைய அமெரிக்க ஜனாதிபதி. அவரும் விவாகரத்து ஆனவர் என்பது உபரித் தகவல். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக இந்த வழிக்கு வந்தன. கடைசியாக வந்தது நியூயார்க், 2010-ல்.

அதே 1969-ல் இங்கிலாந்தும் விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம் போட்டது. 1971 முதல் அமல். கூட்டுச்சதித் தடை அடியோடு போனது. இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்து, இருவரும் சம்மதித்தால் விவாகரத்து. அப்பாடா!

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. இரண்டு வருடம் காத்திருக்க முடியாதவர்கள், "நடத்தை சரியில்லை" என்றோ "கள்ள உறவு" என்றோ பழைய மாதிரி குற்றம் சாட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும். அவசரக்காரர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போனார்கள். நாகரிகமாகப் பிரிய நினைத்தவர்கள்கூட, "வீட்டில் பேசவே மாட்டார்", "எப்போதும் வேலை வேலை என்று இருப்பார்" என்று மனுவில் பட்டியல் போட வேண்டியதாயிற்று. அதைப் படித்த மறுநாளே நட்பு கசந்துவிடும். ஹோட்டல் அறை போய் டைப் அடித்த தாள் வந்தது, அவ்வளவுதான்.

வக்கீல்கள் மாறிய கதை

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விவாகரத்தைக் கசப்பாக்குவதில் வக்கீல்களுக்கும் பங்கு உண்டு. ஒரு பக்கத்து வக்கீல் காரசாரமாக நோட்டீஸ் அனுப்புவார், மறுபக்கம் அதைவிடக் காரமாகப் பதில் வரும். கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே கோர்ட் வராண்டாவில்தான். இதை மாற்ற வேண்டும் என்று முதலில் கிளம்பியவர்களும் வக்கீல்களே என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

அட்லாண்டாவைச் சேர்ந்த ஓ.ஜே.கூக்லர் ஒரு வக்கீல். தன் சொந்த விவாகரத்தில் பட்ட கசப்புக்குப் பிறகு, 1974-ல் ஒரு குடும்பச் சமரச மையத்தைத் தொடங்கினார். இருவருக்கும் பொதுவான ஒரு சமரசர் நடுவில் உட்காருவார். தீர்ப்புச் சொல்ல மாட்டார், முடிவு தம்பதியுடையது. இங்கிலாந்தில் 1978-ல் பிரிஸ்டல் நகரில் இதுபோன்ற சேவை வந்தது. 1982-ல் அங்கே குடும்ப வழக்கு வக்கீல்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். எதிர்த்தரப்பைத் தூண்டிவிடும் கடிதம் எழுத மாட்டோம், பிள்ளைகள் நலனை முன்னால் வைப்போம் என்று தங்களுக்கே ஒரு நடத்தை விதி எழுதிக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தின் இன்றைய பெயர் ரெசல்யூஷன்.

அடுத்த அடி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில். ஸ்டூவர்ட் வெப் என்ற குடும்ப வக்கீலுக்குக் கோர்ட் சண்டை வெறுத்துப் போனது. 1990-ல், இனி வழக்காட மாட்டேன், சமாதானமாகத் தீர்ப்பதற்கு மட்டுமே வக்கீலாக இருப்பேன் என்று முடிவெடுத்தார். இதை விளக்கி மின்னசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தின் தேதி பிப்ரவரி 14. காதலர் தினத்தில் விவாகரத்துக் கடிதம்!

வெப் கண்டுபிடித்த முறைக்கு "கொலாபரேடிவ் லா" என்று பெயர். இரு தரப்புக்கும் தனித்தனி வக்கீல் உண்டு. நால்வரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச வேண்டும். சொத்துக் கணக்கு எதையும் மறைக்கக் கூடாது. முக்கியமான நிபந்தனை இதுதான்: பேச்சு முறிந்து வழக்கு கோர்ட்டுக்குப் போனால் இரண்டு வக்கீல்களும் விலகிவிட வேண்டும். கட்சிக்காரர் புது வக்கீலைத் தேடிக்கொள்ள வேண்டும்.

இதன் சூட்சுமம் எளிமையானது. சாதாரண வழக்கில் சண்டை நீண்டால் வக்கீலுக்கு வருமானம். இங்கே சண்டை வந்தால் வக்கீலுக்கு வழக்கே போய்விடும். சமாதானத்தில்தான் அவருக்கும் லாபம். நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல், ஃபீஸையும் அதன் பக்கம் திருப்பிவிட்டார். 2001-ல் டெக்ஸாஸ் மாநிலம் இந்த முறைக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. 2003-ல் இங்கிலாந்துக்கும் வந்து சேர்ந்தது.

கடைசிக் கதவு

இவ்வளவுக்குப் பிறகும் இங்கிலாந்தின் சட்டம் பழைய இடத்திலேயே நின்றது. 2018-ல் ஓவென்ஸ் எதிர் ஓவென்ஸ் வழக்கு அதை வெட்டவெளிச்சம் ஆக்கியது. 1978-ல் மணமான ஒரு பெண்மணி விவாகரத்துக் கேட்டார். கணவர் சம்மதிக்கவில்லை. மனுவில் சொன்ன குறைகள் போதாது என்று கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் மனமில்லாமல்தான் அதை உறுதி செய்தார்கள். சட்டத்தை மாற்றுவது பார்லிமென்டின் வேலை என்று கைவிரித்தார்கள். பிரிந்து ஐந்து வருடம் ஆகும்வரை, அதாவது 2020 வரை, அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மென்மையாகக் குறை சொன்னால் வழக்கு நிற்காது, கடுமையாகச் சொன்னால் மனது உடையும். இந்தச் சிக்கல் எல்லோருக்கும் புரிந்துபோனது. 2020-ல் புதுச் சட்டம் நிறைவேறி 2022 ஏப்ரல் 6 முதல் அமலுக்கு வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்போது காரணமே சொல்ல வேண்டாம். திருமணம் முறிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் போதும். கணவனும் மனைவியும் சேர்ந்தே ஒரே மனுவாகக் கொடுக்கலாம்! 1857-ல் கூட்டுச்சதி என்று பெயர் வாங்கிய அதே செயல், 165 வருடம் கழித்து விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் ஆகிவிட்டது.

இந்தியாவில்...

வெள்ளைக்காரர்கள் போனாலும் அவர்கள் சட்டம் போகவில்லை. 1869-ல் இந்தியக் கிறிஸ்தவர்களுக்காகப் போட்ட விவாகரத்துச் சட்டம், 1857 சட்டத்தின் அச்சு. மனைவிக்குக் கூடுதல் நிபந்தனை, கூட்டுச்சதித் தடை எல்லாமே அப்படியே. ஊற்றான இங்கிலாந்து பலமுறை மாறியும் இங்கே அந்த நகல் 2001 வரை பெரிதாக மாறவில்லை. 2001-ல் சேர்த்த 10ஏ பிரிவுதான் அந்தச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்தைக் கொண்டுவந்தது. 2001! அதுவரை நல்ல முறையில் பிரிய நினைத்த ஒரு கிறிஸ்தவத் தம்பதிக்கு, தங்கள் சொந்தச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

இந்துக்களுக்கு? சென்னை மாகாணம் 1949-லேயே விவாகரத்துச் சட்டம் போட்டது. 1955-ல் நாடு முழுமைக்கும் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. இரண்டுமே குற்றம் நிரூபிக்கும் வகைதான். ஆனால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் மட்டும் பரஸ்பர சம்மதம் முதலிலிருந்தே இருந்தது. பதிவுத் திருமணம் செய்தவர் சம்மதித்துப் பிரியலாம், அக்னி சாட்சியாக மணந்தவர் முடியாது! 1976-ல் 13பி பிரிவு சேர்ந்த பிறகுதான் இந்த வேறுபாடு தீர்ந்தது. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்து, இருவரும் சேர்ந்து மனுப் போட்டு, ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்து "இன்னும் அதே முடிவுதான்" என்று சொல்ல வேண்டும்.

1984-ல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது. முதலில் சமாதானம் பேசிப் பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை என்றது அது. 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கினார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம், அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்றது. 2023 மே 1 அன்று அரசியல் சாசன அமர்வு, மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தை அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றமே முடித்துவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

அந்தப் பயம் முழுக்கத் தவறா?

இதுவரை படித்துவிட்டுப் பழைய சட்டத்தைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு வழக்கை மட்டும் தாண்டிப் போக முடியவில்லை.

1991-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த சுரேஷ்டா தேவி வழக்கு. பரஸ்பர சம்மத மனுவில் மனைவி கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு, அது மிரட்டியும் நெருக்கியும் வாங்கிய கையெழுத்து, என் உறவினர்களைக்கூடப் பக்கத்தில் விடவில்லை என்றார். நீதிமன்றம் சொன்னது: தீர்ப்பு வரும்வரை சம்மதம் உயிரோடு இருக்க வேண்டும், அதற்குள் ஒருவர் மனம் மாறினால் விவாகரத்து இல்லை.

"சம்மதம்" என்ற சொல்லுக்குள் எவ்வளவோ ஒளிந்திருக்கலாம். சம்பாதிப்பவர் ஒருவர், சம்பாத்தியம் இல்லாதவர் ஒருவர். "ஜீவனாம்சம் கேட்காதே, பிள்ளையை விட்டுத் தருகிறேன்" என்பதும் வெளியிலிருந்து பார்த்தால் சமாதானம்தான். வீட்டில் அடி வாங்கியவளை அடித்தவன் எதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்வதும் சமரசம் என்ற பெயரில் நடக்கலாம். பேச்சுவார்த்தை எல்லோருக்கும் ஏற்ற மருந்து கிடையாது. சில வழக்குகளுக்குக் கோர்ட்டும் கடுமையான உத்தரவும்தான் பாதுகாப்பு.

ஆகவே 1857-ன் தவறு, சம்மதத்தைச் சந்தேகப்பட்டதில் இல்லை என்று நினைக்கிறேன். சந்தேகத்தைத் தவறான இடத்தில் வைத்ததில்தான் இருக்கிறது. "நீங்கள் இருவரும் ஒத்துப்போய்விட்டீர்களா?" என்று கேட்டுத் தண்டித்தது பழைய சட்டம். "இந்தச் சம்மதம் இருவருடையதும்தானா? கணக்கெல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாரா?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கூக்லரின் பொதுச் சமரசரும், வெப்பின் நான்கு நாற்காலி மேஜையும், 13பி-யின் ஆறு மாதமும் அந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு விதமாகப் பதில் தேடியவைதான். எது சிறந்தது என்பது அந்தத் தம்பதியைப் பொறுத்தது.

சட்டம் படிக்கும் நண்பர்கள் நாளை குடும்ப நீதிமன்றத்தில் கறுப்பு கோட்டுடன் நிற்கப் போகிறீர்கள். "மியூச்சுவல்ல முடிச்சிடலாம்" என்று சுலபமாகச் சொல்லும் முன்னால், இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை பேர் பொய்சாட்சி சொன்னார்கள் என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடப் போகிற இருவரில் குரல் தாழ்ந்தவர் யாரோ, அவரிடம் தனியாக ஒரு ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் பேனாவைக் கொடுங்கள்.